பேஸ்மென்ற் அறைக்கு எந்த ஹீற்றர் நல்லது?

அண்ணாமார், அக்காமார், ஒரு ஆலோசனை வேண்டும். கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் வீட்டு பேஸ்மென்ற்றின் பின் அறைக்கு, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் குழாய் வரவில்லை. 12க்கு 14 அடி அறை. முழங்கால் வலியால் படி ஏற முடியாமல் அம்மா அங்கேதான் படுக்கிறார். மேலே 21 பாகை இருக்கும்போது அங்கே 15தான். இரண்டு சோடி காலுறை, தலையில் கம்பளித் தொப்பி, அப்படித்தான் நித்திரை.

இப்போது 1500 வாற் எண்ணெய் ஹீற்றர் ஒன்று ஓடுகிறது. அதே லைனில் யாராவது கேத்தலைப் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். இரவில் விழுந்தால் அம்மா எங்களை எழுப்பவும் மாட்டார், விடியும்வரை குளிரோடு கிடப்பார்.

சுவரின் அடியில் பொருத்தும் 240 வோல்ற் பேஸ்போர்ட் ஹீற்றர் வாங்க மலிவு. ஆனால் தனி லைன் இழுக்க வேண்டும், கரண்ட் பில்லும் ஏறும். மினி ஸ்பிளிற் (வெளியே ஒரு பெட்டி, உள்ளே சுவரில் ஒரு பெட்டி, ஏசி மாதிரித்தான், சூடும் தரும்) குறைந்த கரண்டில் அதே சூட்டைத் தரும், கோடையில் ஈரத்தையும் எடுக்கும். போடும் செலவுதான் பயமுறுத்துகிறது. புரொப்பேன் காஸ் ஹீற்றர் வேண்டவே வேண்டாம், மூடிய அறை.

மினி ஸ்பிளிற் வைத்திருப்பவர்களே, மைனஸ் 20இல் ஒழுங்காகச் சூடு வந்ததா? சீமெந்துத் தரையின் சில்லிப்புக்கு என்ன செய்தீர்கள்? கூலியோடு எவ்வளவு முடிந்தது என்றும் சொல்லுங்கள்.