அரபிதேசத்தில் மூன்று வருஷமா?

கூடாரத்தொழிலாளி:
நேற்று 'உபதேசியார் பேரன்' ஐயா அவர்கள் இங்கே ஒரு தீர்ப்பு எழுதியிருந்தார். அப்போஸ்தலனாகிய பவுலே அரபிதேசத்தில் மூன்று வருஷம் வாய் திறவாமல் காத்திருந்த பிறகுதான் ஊழியத்துக்கு வந்தாராம். ஆகவே ஞானஸ்நானம் பெற்று மூன்று வருஷம் நிறையாத எவனும் பிரசங்கபீடத்தின் படியில்கூடக் கால் வைக்கலாகாதாம். அதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அப்போஸ்தலர் 9:20ஐ எடுத்துப் பாருங்கள். கண்களிலிருந்து செதிள்கள் விழுந்து, ஞானஸ்நானம் பெற்று, சில நாள் தமஸ்குவிலுள்ள சீஷருடன் இருந்தவர் 'தாமதமின்றி' ஆலயங்களிலே பிரசங்கித்தார் என்று லூக்கா எழுதியிருக்கிறார். தாமதமின்றி என்பதற்கு ஐயாவின் அகராதியில் மூன்று வருஷம் என்று பொருளோ?

உபதேசியார் பேரன்:
தம்பி, உங்கள் வேதாகமத்தில் கலாத்தியர் முதலாம் அதிகாரம் கிழிந்துபோயிற்றா? அரபிதேசத்துக்குப் போனதையும், தமஸ்குவுக்குத் திரும்பியதையும், மூன்று வருஷம் சென்றபின்பு எருசலேமுக்குப் போனதையும் பவுலே சொல்லுகிறார். லூக்கா கேட்டு எழுதியவர், பவுல் அனுபவித்தவர். நாற்பது வருஷமாக ஓய்வுநாள் பள்ளி நடத்துகிற எனக்கு 'தாமதமின்றி' என்ற சொல்லை நீங்கள் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1 தீமோத்தேயு 3:6 'நூதன சீஷன்' கண்காணியாக, அதாவது சபையை மேற்பார்க்கிறவனாக, ஆகக் கூடாது என்கிறது; அதன் கிரேக்க மூலச்சொல்லுக்குப் புதிதாக நடப்பட்டவன் என்று பொருள். நட்ட நாற்று வேர் பிடிக்குமுன் அதில் கதிர் தேடுகிறவனை எந்த ஊரில் விவசாயி என்பார்கள்?

பெரோயா மகள்:
ஐயா, வசனத்தை இன்னும் ஒருமுறை மெதுவாக வாசிக்கும்படி வேண்டுகிறேன். மூன்று வருஷம் என்பது எருசலேம் பயணம் வரையிலான மொத்தக் கணக்கு; திரும்பிவந்து தமஸ்குவில் இருந்த காலமும் அதற்குள் அடங்கும். அரபிதேசத்தில் எத்தனை நாள் என்று அங்கே எழுதப்படவேயில்லை; மௌனமாயிருந்தார் என்றும் எழுதப்படவில்லை. 2 கொரிந்தியர் 11:32இல் அரேத்தா ராஜாவின் சேனைத்தலைவன் பவுலைப் பிடிக்கத் தமஸ்குவைக் காவல்வைத்துக் காத்ததாக வாசிக்கிறோம். அந்த அரேத்தா நபத்தேயரின் அரசன். அரபிதேசம் என்று அக்காலத்தார் சொன்னதில் அவனுடைய நாடு அடங்கும். பாறை நிழலில் ஜெபித்துக்கொண்டு சும்மா இருந்தவர்மேல் அவனுக்கு என்ன பகை வந்திருக்கும்?

உபதேசியார் பேரன்:
'என்ன பகை வந்திருக்கும்' என்பது கேள்வி, சகோதரி, ஆதாரம் அல்ல. மூன்று வருஷம் என்று எழுதியிருப்பது மூன்று வருஷமே. நம்முடைய சபையின் வரலாறும் அதையே சொல்லுகிறது. தரங்கம்பாடி ஆரோன் ஞானஸ்நானம் பெற்றது 1718இல். குருப்பட்டம் பெற்றது 1733இல். இடையில் பதினைந்து வருஷம்! இந்தியரில் முதல் சீர்திருத்தச் சபைக் குருவானவருக்கு இருந்த பொறுமை, நேற்றுச் சாட்சி சொல்லி இன்று மைக் பிடிக்கிறவர்களுக்கு இல்லை.

வயல்வெளி:
விவாதத்துக்குள் வர எண்ணமில்லை. ஆனால் நாற்று என்றவுடன் சும்மா இருக்க முடியவில்லை, ஏனெனில் நான் தாமிரபரணிப் பாசனத்தில் நெல் பயிரிடுகிறவன். மத்திய கால ரகமானால் 25 நாள் அளவில் நாற்றைப் பறித்து நட்டுவிடுவோம். இன்னும் கொஞ்சம் முதிரட்டும் என்று நாற்றங்காலிலேயே விட்டுவைத்தால் நாற்று முற்றிப்போகும். அதன்பின் நட்டாலும் சரியாகத் தூர் கட்டாது. ஐயா வேறு உவமை பார்ப்பது நல்லது.

கூடாரத்தொழிலாளி:
வயல்வெளி அண்ணனுக்கு நன்றி. ஆரோனைப் பற்றி ஐயா சொன்னது பாதிக் கதை. அந்தப் பதினைந்து வருஷத்தில் அவர் கைகட்டி உட்கார்ந்திருக்கவில்லை. பள்ளியில் கற்பித்தார், குருப்பட்டம் இல்லாமலே சபையில் போதிக்கும் உபதேசியாராக வேலை செய்தார். உபதேசியார் வேலை ஊழியம் இல்லையென்றால், ஐயா தம் பெயரிலேயே சுமந்து திரிகிற அந்தத் தாத்தா செய்ததற்கு என்ன பெயர்? இன்னொன்றும் சொல்லுகிறேன். சாது சுந்தர் சிங் சிம்லாவில் ஞானஸ்நானம் பெற்றது 1905 செப்டம்பர் 3ஆம் தேதி, தம் பதினாறாம் பிறந்தநாளில். 33ஆம் நாள் காவி உடுத்துப் புறப்பட்டுவிட்டார். மூன்று வருஷம் எங்கே?

உபதேசியார் பேரன்:
என் தாத்தாவை இழுத்த பிறகு உங்களுக்கு மரியாதை எதற்கு? காலில் செருப்பில்லாமல் ஏழு கிராமங்களுக்கு நடந்தவர் அவர். கடைசி வரைக்கும் குருப்பட்டம் கேட்டதில்லை. போன மாதம் தசமபாகத் திரியில் என்னிடம் பதில் இல்லாமல் ஓடியவர் இப்போது இந்த வழியாக வந்து பழிதீர்த்துக்கொள்கிறார் என்பது எல்லாருக்கும் தெரிகிறது. சுந்தர் சிங்கும் 1909இல் லாகூர் இறையியல் கல்லூரிக்குப் போய் உட்கார்ந்தார் என்பதை ஏன் மறைத்தீர்கள்? கிரேக்கம் வேண்டுமா? அப்போஸ்தலர் 9:20இல் 'தாமதமின்றி' என்றிருக்கும் அதே 'யூதெயோஸ்' கலாத்தியர் 1:16இல் 'உடனே' என்று வருகிறது. உடனே அவர் போனது அரபிதேசத்துக்கு!

கூடாரத்தொழிலாளி:
உடனே அவர் செய்தது பிரசங்கம்! நானே எடுத்துவைக்க நினைத்த சொல்லை ஐயா கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். லாகூர்ப் படிப்பு காவி உடுத்து நான்கு வருஷம் கழித்து வந்தது. அங்கும் அவர் நிலைக்கவில்லை. தசமபாகத் திரியில் ஓடியது யார் என்பதற்கு அந்தத் திரியே சாட்சி.

ஈரோடு மார்த்தாள்:
இருவரும் சற்று நிறுத்துவீர்களா? ஊழியம் என்று நீங்கள் சொல்வது சாட்சி பகர்வதையா, பிரசங்கத்தையா, ஒரு சபையை மேய்ப்பதையா? எங்கள் பகுதியில் ஒரு வாலிபன் நன்றாகப் பாடினான், உருக்கமாகச் சாட்சி சொன்னான் என்பதற்காக ஆறே மாதத்தில் அவனைப் போதகனாக்கினார்கள். வயது இருபத்திரண்டு, கடன் கணக்கும் குடும்பச் சண்டைகளும் அவன் தலையில் விழுந்தன. இரண்டு வருஷத்துக்குள் சபை மூன்றாக உடைந்தது; அவன் இன்று ஆலய வாசலையே மிதிப்பதில்லை. 'ஒருவன்மேலும் சீக்கிரமாய்க் கைகளை வையாதே' என்ற கட்டளை, தலையில் கைவைத்து ஊழியத்துக்கு நியமிக்கிறவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. அவன் தலையில் கைவைத்த மூப்பர்களை இன்றுவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பெரோயா மகள்:
சகோதரி சொல்வதோடு இதையும் கவனிக்கலாம்: நூதன சீஷன் கூடாது என்ற நிபந்தனை எபேசுவிலிருந்த தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்டது. கிரேத்தாவிலிருந்த தீத்துவுக்கு மூப்பர்களின் தகுதிகளை எழுதும்போது அது இடம்பெறவில்லை. கிரேத்தாவில் எல்லாருமே புதியவர்களாக இருந்திருக்கலாம்.

உபதேசியார் பேரன்:
சகோதரி மார்த்தாள் சொன்ன சம்பவமே என் கருத்துக்கு நிரூபணம். அந்த வாலிபனை மூன்று வருஷம் உட்காரவைத்திருந்தால் சபை உடைந்திருக்காது. தீத்துவைப் பற்றிப் பேச விரும்புகிறவர்கள் தனித் திரி தொடங்கலாம். இது அரபிதேசத்தைப் பற்றிய திரி. லேவியன் ஆசரிப்புக் கூடாரத்தில் வேலைசெய்ய முப்பது வயது ஆகவேண்டும் என்று எண்ணாகமம் 4:3 சொல்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூடாரத்தொழிலாளி:
அதே எண்ணாகமம் 8:24 இருபத்தைந்து என்கிறது. 1 நாளாகமம் 23:24 இருபது என்கிறது. ஐயாவுக்கு எந்த எண் பிடிக்குமோ அதில் விரலை வைத்துக்கொண்டு மற்றதை மூடிவிடுவார்.

ஈரோடு மார்த்தாள்:
நான் கேட்ட கேள்விக்கு இருவரும் பதில் சொல்லவில்லை.

உபதேசியார் பேரன்:
முதலில் என் தாத்தாவைப் பற்றி எழுதியதற்கு மன்னிப்பு வரட்டும். அவருடைய நாட்குறிப்பு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஞானஸ்நானத்துக்குப் பின் உபதேசியாராக நியமிக்கப்படும்வரை எத்தனை வருஷம் காத்திருந்தார் என்று அவரே எழுதியிருக்கிறார். நாளைக் காலை அந்தப் பக்கத்தைப் படமெடுத்துப் பதிவிடுகிறேன். அதுவரை யாரும் இந்தத் திரியை மூட வேண்டாம்.

கூடாரத்தொழிலாளி:
தாராளமாகப் பதிவிடுங்கள், ஐயா. பவுல் அரபிதேசத்தில் எத்தனை நாள் இருந்தார் என்று அந்தப் பக்கத்தில் இருந்தால் அதையும் சேர்த்தே படமெடுங்கள்.