புதுப்பிப்பு: ஊட்டியில் காற்றழுத்தமானி 775 காட்டுவது ஏன்?

ஊட்டியில் தன் சென்சார் 775 ஹெக்டோபாஸ்கலும் (காற்றழுத்த அலகு) கைபேசி வானிலைச் செயலி 1012-ம் காட்டுவது ஏன், சென்சார் பழுதா என்று முந்தைய இழையில் ஒரு பி.எஸ்சி. இயற்பியல் மாணவர் கேட்டிருந்தார். சென்சார் பழுதில்லை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே 770 முதல் 785 வரை இயல்புதான். செயலி தருவது கடல்மட்டத்துக்கு மாற்றிய மதிப்பு, அதாவது அதே இடம் கடல்மட்டத்தில் இருந்தால் அழுத்தம் எவ்வளவு இருக்கும் என்ற கணக்கு.

அந்த மாற்றத்தில்தான் சிக்கல். நமக்கும் கடல்மட்டத்துக்கும் நடுவே இருப்பது மலை. மலை இருக்கும் இடத்தில் காற்று இருப்பதாகக் கற்பனை செய்து, அந்த இல்லாத காற்றுத்தூணுக்கு ஒரு சராசரி வெப்பநிலையை நாமே வைத்துக்கொள்கிறோம். அது 10 டிகிரி பிசகினால் விடையில் ஏறக்குறைய 9 ஹெக்டோபாஸ்கல் பிசகும். உறைபனி விழும் ஜனவரி விடியலில் தரையருகே எடுத்த வெப்பநிலையை அப்படியே போட்டால், இல்லாத உயர் அழுத்தம் முளைக்கும்!

ஆகவே நோட்டில் மாற்றாத அளவையே எழுதுங்கள். பக்கத்தில் நேரம், வெப்பநிலை, சென்சாரின் உயரம். சென்சாரை மாடிக்கு மாற்றினால் அதையும் குறியுங்கள்: 10 மீட்டருக்கு ஏறத்தாழ 0.9 குறையும்.

மேற்படிப்புக்கு குசாட்டின் (கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) எம்.எஸ்சி. வானிலையியலைப் பாருங்கள். கணிதத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.