என்.பி.டி. தர்க்கக் கேள்விகளுக்கு எப்படிப் பழக்குவது?

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். மகள் மெட்ரிக் (12ஆம் வகுப்பு) படிக்கிறாள். கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்க ஆசை. அதற்கு என்.பி.டி. (National Benchmark Test) என்ற பல்கலைக்கழகச் சேர்க்கைத் தேர்வை எழுத வேண்டும். கணக்குத் தாளில் பயமில்லை, ஏ.க்யூ.எல். தாள்தான் (படித்துப் புரிந்துகொள்வதும் எண்களைக் கையாள்வதும் சோதிக்கும் தாள்) இடிக்கிறது. 3 மணி நேரம், கால்குலேட்டர் கிடையாது.

சதவீதம், வரைபடம் எல்லாம் பழகினால் வந்துவிடும். பத்தியைப் படித்து "இதிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம்" என்று கேட்டால்தான் திணறுகிறாள். நேற்று ஒன்று கொடுத்தேன்: எல்லா நர்ஸ்களும் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள், ஷிப்ட் வேலை பார்ப்பவர்களில் சிலர் பஸ்ஸில் போகிறார்கள். அப்படியானால் சில நர்ஸ்களாவது பஸ்ஸில் போகிறார்கள் என்று சொல்லலாமா? சட்டென்று "ஆமாம்" என்றாள். அந்தச் சிலரில் ஒரு நர்ஸ்கூட இல்லாமல் இருக்கலாமே என்று வட்டம் போட்டுக் காட்டிய பிறகுதான் பிடிபட்டது. பரீட்சையில் வட்டம் போட்டுக்கொண்டிருக்க நேரம் ஏது?

ஊரில் வங்கித் தேர்வுக்குப் படிக்கும் தம்பி மகன் ஒரு கட்டு பி.டி.எஃப். அனுப்பினான். இருக்கை வரிசை, ரத்த உறவு, குறியீட்டு எழுத்து என்று போகிறது. மூளைக்கு நல்லதுதான், ஆனால் இந்தத் தேர்வுக்கு அதிகம் உதவாது என்று தோன்றுகிறது. பழைய வினாத்தாள்களையும் வெளியிடுவதில்லை.

பிள்ளைகளை எழுத வைத்த அக்கா, அண்ணன்மார் சொல்லுங்கள்: எதை வைத்துப் பழக்கினீர்கள்? நேரத்தை எப்படிப் பிரித்தார்கள்? டியூஷன் இல்லாமல் முடியுமா? அவர்கள் கேட்கிற காசு எங்களுக்குக் கட்டுப்படியாகாது.