கடைசிக் கருப்புக் கிளிப்பை பேட்டரியில் மாட்டாதீர்கள் – கார் பேட்டரி அனுபவங்கள்

திருச்சி:

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். காலை ஏழரைக்கு மதுரையில் இருக்க வேண்டும். முந்தின நாள் சாயங்காலமே காரின் செல்ஃப் இழுத்து இழுத்துத்தான் எடுத்தது. பேட்டரிக்கு நாலு வயது தாண்டிவிட்டது. ராத்திரி சார்ஜ் போட்டால் மதுரை போய் வந்துவிடலாம், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சார்ஜரை மாட்டி, எலி ஏறிவிடுமோ என்ற பயத்தில் வயர் நசுங்காத அளவுக்கு பானெட்டையும் இறக்கி வைத்துவிட்டேன்.

காலை நாலரை மணி. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எதிர்வீட்டு அண்ணன் தன் காரைக் கொண்டுவந்து மூக்கோடு மூக்காக நிறுத்தினார். ஒரு பேட்டரியிலிருந்து இன்னொன்றுக்குக் கரண்ட் கடத்தும் ஜம்பர் கேபிளில், சிவப்பு இரண்டையும் இரண்டு பேட்டரியின் ப்ளஸிலும் மாட்டினோம். அவர் பேட்டரியில் கருப்பும் மாட்டியாயிற்று. மிச்சமிருந்த கருப்புக் கிளிப்பை என் பேட்டரியின் மைனஸில் வைத்தேன். ஒரு பொறி. அடுத்த நொடி வெடிச்சத்தம். பேட்டரியின் மேல்மூடி பிளந்து பறந்தது.

காது அடைத்துக்கொண்டது, முகமெல்லாம் ஈரம். அது ஆசிட் என்று முதலில் புரிந்தது என் மனைவிக்குத்தான். பிடரியைப் பிடித்து வாசல் குழாயடியில் குனியவைத்து, "கண்ணைத் திறங்க, மூடாதீங்க" என்று சொல்லிச் சொல்லித் தண்ணீர் விட்டாள். இருபது நிமிடமாவது விட்டிருப்பாள். மூக்குக்கண்ணாடி போட்டிருந்ததால் நேராகக் கண்ணுக்குள் பாயவில்லை. உடனே தண்ணீர் விட்டதுதான் பார்வையைக் காப்பாற்றியது என்று கண் டாக்டர் சொன்னார். அன்று போட்டிருந்த பருத்திச் சட்டை பார்க்க நன்றாகத்தான் இருந்தது. துவைத்து உதறியபோது மார்புப் பக்கம் சல்லடையாக ஓட்டை.

என்ன நடந்தது என்று அப்புறம் பேட்டரிக் கடைக்காரர் விளக்கினார். சார்ஜ் ஏறும்போது பேட்டரியில் உள்ள தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வெளியேறும். என் பேட்டரியின் உள்ளறைகளில் (செல்) ஒன்று செத்திருக்கிறது. அதனால் ராத்திரி முழுக்க சார்ஜை வாங்காமல் கேஸைத்தான் விட்டுக்கொண்டிருந்திருக்கிறது. காற்றில் நூற்றுக்கு 4 பங்கு ஹைட்ரஜன் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். பொறியை நான் அதன் வாயிலேயே கொண்டுபோய் வைத்தேன்.

கடைசியாக மாட்டும் கிளிப்பில் பொறி வரத்தான் செய்யும். அதனால் அந்தக் கருப்பை, நின்றுபோன வண்டியின் எஞ்சினில் பெயின்ட் இல்லாத கனமான இரும்பாகப் பார்த்து, பேட்டரியை விட்டுத் தள்ளி மாட்டுங்கள். கழற்றும்போது அதுதான் முதலில். பேட்டரி உப்பியிருந்தாலோ, கீறல் விட்டிருந்தாலோ, அழுகிய முட்டை நாற்றம் வந்தாலோ ஜம்ப் செய்யவே வேண்டாம், தயவுசெய்து.

அம்மாவின் ஆபரேஷன் ஒரு வாரம் தள்ளிப்போனது. நல்லபடியாக முடிந்தது.

ஈரோடு:

படிக்கும்போதே கை நடுங்குகிறது. என்னுடையது மோதிரக் கதை. பழைய பேட்டரியைக் கழற்ற, 10-ஆம் நம்பர் ஸ்பேனரை ப்ளஸ் நட்டில் போட்டுத் திருப்பினேன். ஸ்பேனரைப் பிடித்திருந்த விரலின் மோதிரம் பக்கத்து இரும்பில் உரசியது. மோதிரம் நொடியில் கொதித்துவிட்டது. விரலைச் சுற்றி வளையமாக வெந்துபோய், ஆஸ்பத்திரியில் மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தார்கள்.

12 வோல்ட் ஷாக் அடிக்காது என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், சுடுவது அதுதான். வண்டியின் பாடி முழுக்க மைனஸ். மைனஸ் டெர்மினலை முதலில் கழற்றிவிட்டால், அப்புறம் ப்ளஸைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. மாட்டும்போது மைனஸ் கடைசி. மோதிரம், காப்பு, இரும்புச் செயின் போட்ட வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வீட்டிலேயே வையுங்கள்.

சென்னை, வேளச்சேரி:

எனக்குக் காயம் இல்லை, பணம்தான் போனது. ஒரே வருடத்தில் இரண்டு பேட்டரி. வெள்ளிக்கிழமை நிறுத்தினால் திங்கட்கிழமை காலை வண்டி எடுக்காது. கடையில் ஒவ்வொரு முறையும் பேட்டரி போய்விட்டது என்றார்கள், நானும் மாற்றினேன்.

கடைசியில் ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் வந்தார். பேட்டரியைத் தொடவே இல்லை. வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் உட்காரச் சொன்னார். பூட்டிய பிறகும் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் அடங்கக் கொஞ்ச நேரம் ஆகுமாம். மைனஸ் வயரைக் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்பியரில் வைத்து, வயருக்கும் டெர்மினலுக்கும் நடுவில் கோத்தார். அந்த நேரத்தில் யாரும் சாவியைத் திருப்பக் கூடாது, மீட்டர் பியூஸ் போய்விடும் என்றார். பெரும்பாலான வண்டிகளில் 50 மில்லிஆம்பியருக்குள் காட்ட வேண்டுமாம். எனக்கு 0.4 ஆம்பியர் காட்டியது. ஒவ்வொரு பியூஸாகப் பிடுங்கினார். ஆடியோ பியூஸைப் பிடுங்கியதும் 0.03-க்கு இறங்கியது. நான் வெளிக்கடையில் போட்ட ஆம்ப்ளிஃபயருக்கு, சாவியை எடுத்தாலும் நிற்காதபடி அந்த பியூஸிலிருந்தே நேரடியாகக் கரண்ட் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

0.4 ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 10 ஆம்பியர்-ஹவர். என் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 35தான். இரண்டு நாளில் பாதிக்கு மேல் காலி. அந்த எலக்ட்ரீஷியன் வாங்கிய கூலி 400 ரூபாய். இரண்டு பேட்டரிக்கு நான் கொடுத்ததை நினைத்தால் வயிறு எரிகிறது. பேட்டரி மாற்றச் சொன்னால், முதலில் அளந்து காட்டச் சொல்லுங்கள்.

நாகர்கோவில்:

எனக்கு அதைவிடச் சின்ன விஷயம். செல்ஃப் போட்டால் 'டக்டக்டக்' என்று அடிக்கும், லைட்டெல்லாம் மங்கும். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. மைனஸைக் கழற்றி, அப்புறம் ப்ளஸையும் கழற்றி, ஆப்பச் சோடாவை வெந்நீரில் கரைத்துப் பழைய டூத்பிரஷால் தேய்த்தேன். நுரைத்துக்கொண்டு வந்தது. துடைத்து இறுக்கி வேஸ்லின் தடவினேன். ஒன்றரை வருடமாகத் தொந்தரவு இல்லை. செல் மூடி திறந்திருந்தால் சோடாத் தண்ணீர் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருச்சி:

ஈரோட்டு அண்ணே, விரல் இப்போது நன்றாக மடங்குகிறதா? வேளச்சேரிக்காரர் சொன்னதைப் படித்துவிட்டு நானும் ஒரு மீட்டர் வாங்கினேன். புது பேட்டரி. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் வைத்துப் பார்த்தேன், 12.6 வோல்ட். எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தேன், 14.2. எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரும் நன்றாக இருக்கிறது.