ஐந்தாம் நம்பர் பனியன்

பிடித்த ஆட்டக்காரர் போய்விடுவாரோ என்ற பயத்தோடே ஒரு சீசன் முழுக்க ஆட்டம் பார்த்திருக்கிறேன். 2011-ல், அமெரிக்காவில், செயின்ட் லூயிஸில்.

வேலைக்காக அங்கே போன புதிதில் பேஸ்பால் என்றால் எனக்குக் கொட்டாவிதான் வரும். அதை மாற்றியவர் ஐந்தாம் நம்பர் சட்டைக்காரர் ஆல்பர்ட் பூஹோல்ஸ். கால்களை அகட்டி, முழங்காலை மடக்கி, மட்டையை உயர்த்திப் பிடித்து லேசாக ஆட்டிக்கொண்டு நிற்பார். அவர் வந்து நின்றால் பாப்கார்ன் விற்கிறவர்கூட ஒரு நிமிஷம் திரும்பிப் பார்ப்பார். அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் 1999 தேர்வில், 402-வது ஆளாக எங்கள் ஊர் அணி கார்டினல்ஸ் எடுத்த பையன். 2001-லிருந்து தொடர்ந்து பத்து சீசன், எதிலும் சராசரி .300-க்குக் (பத்துக்கு மூன்று தடவை வெற்றி அடி) கீழே போனதில்லை, வேலியைத் தாண்டி அடிக்கும் ஹோம் ரன் 30-க்குக் குறைந்ததில்லை.

அவருடைய ஒப்பந்தம் 2011-ஓடு முடிகிறது. பிப்ரவரி 16 நண்பகல் வரைதான் பேச்சு, அதற்கப்புறம் சீசன் முடியும்வரை பேச மாட்டேன் என்று கெடு வைத்துவிட்டார். அன்றைக்கு ஆபீஸில் யாரும் ஒழுங்காக வேலை பார்க்கவில்லை. மணி பன்னிரண்டு தாண்டியது, கையெழுத்து ஆகவில்லை. இத்தனைக்கும் முந்தின நாள்தான் ஸ்டான் மியூசியலுக்கு வெள்ளை மாளிகையில் ஒபாமா பதக்கம் அணிவித்திருந்தார். 22 சீசன் ஆடியும் கார்டினல்ஸைத் தவிர வேறு சட்டை போடாத மனிதர். மைதானத்துக்கு வெளியே அவருக்குச் சிலை இருக்கிறது. பக்கத்திலேயே பூஹோல்ஸுக்கும் ஒன்று வரும் என்று ஊரே இடம் ஒதுக்கி வைத்திருந்தது.

அந்த வருஷம் நான் போன ஆட்டங்களில் பெரும்பாலும் பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர் இருப்பார். மடியில் ஸ்கோர் அட்டை, காதில் செருகிய பென்சில். மியூசியல் ஆடியதைச் சின்ன வயதில் நேரில் பார்த்தவர். பூஹோல்ஸ் அடிக்க வரும்போது மட்டும் எழுதுவதை நிறுத்திவிடுவார். "போய்விடுவாரா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அவர் அட்டையைத் திருப்பிக் காட்டினார். ஐந்தாம் நம்பருக்கு நேரே இருந்த கட்டங்களில் மட்டும் பென்சில் அழுத்தி அழுத்தித் தாள் பளபளத்தது. பதில் ஒன்றும் சொல்லவில்லை.

சீசன் முடிந்தபோது சராசரி .299, அடித்து உள்ளே கொண்டுவந்த ரன் 99. பத்து வருஷக் கணக்கு ஒரு மயிரிழையில் போயிற்று. ஆனால் ஆகஸ்ட் கடைசியில் பத்து ஆட்டம் பின்தங்கிக் கிடந்த அணி, உலகத் தொடர் என்கிற இறுதிப் போட்டியையே ஜெயித்தது. அதன் மூன்றாவது ஆட்டத்தில் அவர் மட்டுமே மூன்று ஹோம் ரன். வெற்றி ஊர்வலத்தில், இனி இவர் எங்கே போவார் என்று நிம்மதியாக இருந்தேன். எவ்வளவு வெள்ளந்தி பாருங்கள்.

டிசம்பர் 8 காலை செய்தி வந்தது. கலிஃபோர்னியாவில் ஏஞ்சல்ஸ் அணி, பத்து வருஷம், 24 கோடி டாலர். ஐந்தாம் நம்பர் போட்ட என் சிவப்புப் பனியனைச் சுருட்டிக் கார் டிக்கியில் எறிந்தேன். சில மாதம் அதில்தான் கண்ணாடி துடைத்தேன்.

பதில்:
நான் அப்போது ஏஞ்சல்ஸின் ஊரான அனாஹைமில் இருந்தேன். உங்கள் வீட்டில் இழவு, எங்கள் வீட்டில் கல்யாணம். ஆனால் 2012 ஏப்ரல் முழுக்க ஒரு ஹோம் ரன்கூட இல்லை. மே 6-ல்தான் முதலாவது வந்தது. அதுவரை ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்று, பேசாமல் உட்கார்வோம். 2021 மே மாதம், ஒப்பந்தம் முடியும் முன்பே அனுப்பிவிட்டார்கள். 32 வயதை நெருங்குகிறவருக்குப் பத்து வருஷம் கொடுத்தது எங்கள் ஆட்களின் தப்பு. அவரை ஏன் திட்ட வேண்டும்?

மீண்டும் நான்:
திட்டினேன், வாஸ்தவம்தான். அவர் போனதற்கு ஈடாகக் கிடைத்த தேர்வில்தான் மைக்கேல் வாக்கா வந்தார், 2013-ல் எங்களை மறுபடி உலகத் தொடருக்குக் கொண்டுபோனவர். கணக்குப்படி கார்டினல்ஸ் விட்டது சரி. ஆனால் கணக்குப் பார்க்கவா நான் டிக்கெட் வாங்கினேன்?

2019 ஜூனில் அவர் எதிரணிச் சட்டையில் முதன்முறையாகத் திரும்பி வந்தபோது போயிருந்தேன். மொத்த மைதானமும் எழுந்து நின்றது. அடிப்பவருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிக்கும் எங்கள் கேட்ச்சர் யாடியர் மொலினா எழுந்து போய்க் கட்டிப்பிடித்தார். பந்து வீசவே நேரமாயிற்று. அடுத்த நாள் எங்களுக்கு எதிராகவே ஹோம் ரன் அடித்தார், அதற்கும் கத்தினோம்.

கார் டிக்கியில் கிடந்த பனியனை முந்தின வாரமே எடுத்து இரண்டு தடவை துவைத்திருந்தேன். வயிற்றுப் பக்கம் கிரீஸ் கறை மட்டும் போகவில்லை. அதோடுதான் போட்டுக்கொண்டு போனேன். 2022-ல் அவர் கார்டினல்ஸுக்கே திரும்பி வந்து 700 ஹோம் ரன்னைத் தாண்டியபோதும் அதே பனியன்தான்.