அறுப்பின் பண்டிகைக் காணிக்கையை சூடானுக்கு அனுப்பலாமா?

பனங்கூடல்:
ரொறன்ரோவில் எங்கள் தமிழ்ச் சபையில், அறுப்பின் பண்டிகைக் காணிக்கையில் பாதியை சூடானில் பட்டினி கிடப்பவர்களுக்குக் கொடுக்கலாம் என்று இளைஞர்கள் கேட்டார்கள். கமிட்டியில் ஒரு பெரியவர், "தரித்திரர் எப்போதும் உங்களிடத்தில் இருப்பார்கள் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார், உலகத்துப் பசியைத் தீர்ப்பது அரசாங்கத்தின் வேலை, நம் வேலை சுவிசேஷம்" என்றார். ஓர் அக்கா, பணம் கொடுத்தால் எங்கே போகும் என்று தெரியாது, அரிசி மூட்டை வாங்கி கன்டெய்னரில் அனுப்புவோம் என்கிறார். 2024இல் உலகத்தில் சுமார் 67 கோடிப் பேர் பசியில் இருந்தார்கள் என்று ஐ.நா. அறிக்கை சொல்கிறது. அதற்கு முன்னால் எங்கள் காணிக்கை எந்த மூலைக்கு? ஆனாலும் ஒன்றும் செய்யாமல் திருவிருந்துக்குப் போய் நிற்க மனம் ஒப்பவில்லை. உங்கள் சபைகளில் என்ன செய்கிறீர்கள்?

மேய்ப்பன்மகன்:
அந்தப் பெரியவரை உபாகமம் 15ஆம் அதிகாரத்தை முழுதாக வாசிக்கச் சொல்லுங்கள். ஏழாம் வருடத்தில் கடனை விட்டுவிடு என்றுதான் அது தொடங்குகிறது; எளியவர்கள் தேசத்தில் எப்போதும் இருப்பார்கள், ஆகையால் உன் கையைத் திற என்று போகிறது. தரித்திரர் எப்போதும் இருப்பார்கள் என்று இயேசு பெத்தானியாவில் சொன்னபோது கேட்டவர்களுக்கு அந்த மீதியும் மனப்பாடம். நாம் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு கையை மூடிக்கொள்கிறோம். மத்தேயு 25இல் நியாயத்தீர்ப்பு நாளில் தண்டனைக்கென்று இடது பக்கம் நிற்பவர்கள் யாருடைய சோற்றையும் பிடுங்கியதாக இல்லை, கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

கோதுமைக்காடு:
மனிடோபாவிலிருந்து எழுதுகிறேன். கன்டெய்னர் மட்டும் வேண்டாம். கப்பல் கூலியே பெரும்பகுதியைத் தின்றுவிடும், போய்ச் சேர மாதக்கணக்கில் ஆகும், சந்தையில் தானியம் இருக்கிற இடமென்றால் அங்குள்ள விவசாயிக்கு விலையும் விழும்.

இங்கே வின்னிபெக்கில் கனடியன் ஃபுட்கிரெய்ன்ஸ் பாங்க் இருக்கிறது, 1983இல் சபைகள் சேர்ந்து தொடங்கியது. ஊர் விவசாயிகள் சேர்ந்து ஒரு வயலைப் பயிரிட்டு, விளைச்சலை விற்றுப் பணத்தைக் கொடுப்பார்கள். முன்பெல்லாம் கனடாவின் உணவு உதவியில் 90 சதவீதத்தைக் கனடாவிலேயே வாங்க வேண்டும் என்று விதி. அதை மாற்று என்று இந்த அமைப்பு அரசிடம் கேட்டது. அதன் ஆதரவாளர்களில் பலர் தானியம் விற்றுப் பிழைப்பவர்கள், தங்களுக்கு லாபமான விதியையே எடுக்கச் சொன்னார்கள்! 2005இல் அது 50 சதவீதமாகக் குறைந்தது, 2008இல் முழுதாகப் போனது. கிறிஸ்தவப் பொறுப்பு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். அரசாங்கத்தின் வேலை என்று பெரியவர் சொன்னால், சரி, அந்த அரசாங்கத்திடம் போய்க் கேட்பதும் சபையின் வேலை.

கடல்மணல்:
வன்னியில் 2009இல் கஞ்சிக்கு வரிசையில் நின்ற குடும்பம் எங்களுடையது. ஒவ்வொரு மே மாதமும் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் குடிக்கிற நாம், சூடான் பசியைப் பார்த்து "உலகப் பிரச்சினை" என்று தள்ளி வைக்க முடியாது. அங்கே பஞ்சம் முதலில் உறுதிசெய்யப்பட்டது 2024 ஆகஸ்டில், டார்ஃபூரில் அல் ஃபாஷிர் நகரத்துக்குப் பக்கத்து ஸம்ஸம் என்ற, இடம்பெயர்ந்தவர்களின் முகாமில். போரும் முற்றுகையும் கொண்டுவந்த பசி அது, மழை பொய்த்து வந்தது இல்லை.

நைஜீரியாவிலிருந்து பிரிந்துபோன பியாஃப்ராவிலும் போரும் முற்றுகையும் பசியைக் கொண்டுவந்தன. 1968 முதல் 1970 வரை கத்தோலிக்கரும் புரொட்டஸ்டன்டாரும் சேர்ந்து, சாவோ தோமே தீவிலிருந்து உலி என்ற ரோட்டு ஓடுதளத்துக்கு இரவில், விளக்கில்லாமல், 5,000க்கும் மேற்பட்ட தடவை விமானத்தில் உணவு கொண்டுபோனார்கள். விமானிகள் செத்தார்கள். அது போரை நீட்டித்தது என்று இன்றும் குற்றம் சொல்கிறவர்கள் உண்டு, அந்த வாதத்தை நான் லேசாக எடுக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் சாகும்போது காத்திரு என்று சொல்ல என்னால் முடியாது.

பனங்கூடல், சூடானில் ஊர்ச் சனங்களே பொதுச் சமையலறை நடத்துகிறார்கள். 2025இல் அமெரிக்கப் பணம் நின்றதும் பல மூடிப்போயின. அவர்களுக்குத் தேவை காசு, அங்கேயே வாங்கிச் சமைக்கிறார்கள். அக்காவிடம் இதைச் சொல்லுங்கோ.

பனங்கூடல்:
நன்றி. உபாகமத்தைக் கமிட்டியில் நானே வாசிக்கிறேன். காணிக்கையோடு எங்கள் எம்.பி.க்கு ஒரு கடிதமும் போகட்டும் என்று கேட்கப் போகிறேன். தமிழில் யாரிடமாவது மாதிரிக் கடிதம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கே போடுங்கள், வயதானவர்களும் வாசித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.