வாடகை வருமானத்தையும் ஏற்றுக்கொள்ளும் வீட்டுக்கடன்: உதவி தேவை

திருகோணமலை உவர்மலையில் ஒரு மாடிவீட்டை வாங்கி, கீழ்த்தளத்தில் குடும்பத்துடன் வசித்துக்கொண்டு மேல்தளத்தின் இரு பகுதிகளையும் வாடகைக்கு விட விரும்புகிறேன். இதுவே எங்கள் முதல் வீடு. விலை 240 இலட்சம் ரூபாய்; கையிருப்பு 80 இலட்சம். காணி உறுதிக்காணி (உரிமைப் பத்திரம் உள்ளது), காணிப் பதிவகத்தில் தேடிப் பார்த்த நொத்தாரிசு, வில்லங்கம் எதுவும் இல்லை என்கிறார்.

சிக்கல் மேல்தளத்தில்தான். இரு பகுதிகளுக்கும் தனித்தனி மின்மானிகள் இருந்தும், அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் அது ஒரே வீடாகவே உள்ளது. வங்கியின் மதிப்பீட்டாளர் இடைச்சுவரைத் தட்டிப் பார்த்து, 'பலகைத் தடுப்பு' என்று குறித்துக்கொண்டார். அதன்பின் அந்த வங்கி என் சம்பளத்தை மட்டுமே கணக்கிட்டு 100 இலட்சம்தான் தரலாம் என்றது. மற்றொரு வங்கி, தற்போதைய வாடகைக்காரரின் ஒப்பந்தம் விற்பவர் பெயரில் இருப்பதால் அந்த வாடகையை என் வருமானமாக ஏற்கவில்லை. ஊழியர் சேமலாப நிதி மீதியைப் பிணையாக வைக்கும் வீட்டுக்கடனையும் விசாரித்தேன்; என் சேவைக்காலம் குறைவென்பதால் அதுவும் எஞ்சிய 60 இலட்சத்துக்குப் போதாது.

விற்பவர் தை மாத இறுதிவரை பொறுத்திருப்பார்.

வரைபடத்தைத் திருத்தி அனுமதி பெற்று, எதிர்பார்க்கும் வாடகையையும் வருமானமாகக் காட்டி, இங்குள்ள வங்கிக் கிளை எதிலாவது கடன் பெற்றவர்கள் இருந்தால், எந்த ஆவணங்களைக் கொடுத்து அதைச் சாதித்தீர்கள்?